பேரிங், கப்ளிங் மாற்றிய பிறகு வி.எம்.சி.யின் பழைய ஹோம் பொசிஷனை மீட்பது எப்படி?

கேள்வி இது: ஃபானுக் 0ஐ-எம்டி கன்ட்ரோல் உள்ள ஒரு வி.எம்.சி., அதாவது வெர்டிகல் மெஷினிங் சென்டர். எக்ஸ் ஆக்ஸிஸில் பால் ஸ்க்ரூவின் த்ரஸ்ட் பேரிங்கும், இசட் ஆக்ஸிஸில் மோட்டார் கப்ளிங்கும் மாற்றியிருக்கிறார்கள். மோட்டாரைக் கழற்றும்போது என்கோடர் (மோட்டாரின் கோணத்தைச் சொல்லும் சென்சார்) கேபிளையும் பிடுங்கியதால், பவர் போட்டதும் 300 அலாரம் (ஹோம் தெரியவில்லை, மறுபடி வை என்று சொல்வது) வந்திருக்கிறது. பழைய கோடுகளைக் கண்ணால் பார்த்து ஆக்ஸிஸை நிறுத்தி, பாராமீட்டர் 1815-ஐ மாற்றி அலாரத்தைப் போக்கிவிட்டார்கள். இப்போது ஜாப் இரண்டு மில்லிக்கு மேல் தள்ளி வருகிறது. டூல் சேஞ்சில் ‘டங்’ என்று அடிக்கிறது. பழைய ஹோமை, அதாவது மெஷின் தன் அளவுகளை எண்ணத் தொடங்கும் ஜீரோ இடத்தை, அப்படியே கொண்டுவர முடியுமா, ஜாபின் ஜீரோவைச் சொல்லும் ஜி54 ஆஃப்செட்டை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். சில மைக்ரான் துல்லியத்துக்கே கொண்டுவரலாம். அதற்கு வேண்டிய தகவல் எல்லாம் உங்கள் மெஷினிலேயே இருக்கிறது: ஒரு பாதி ஆஃப்செட் பக்கத்தில், மறு பாதி டேபிளில் இன்னும் இறக்காமல் இருக்கும், ஜாபைப் பிடிக்கும் ஃபிக்சரில். அதனால் முதல் வேலை, எதையும் தொடாமல் இருப்பது. ஆஃப்செட் எண்களில் ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம், ஃபிக்சரைக் கழற்ற வேண்டாம். ஜி54 பக்கம், டூல் ஆஃப்செட் பக்கம், 1240, 1241, 1320, 1321, 1815, 1850, 1851 ஆகிய பாராமீட்டர்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டூல் சேஞ்சை இனி ஒரு முறைகூட ஆட்டோவில் ஓட்டாதீர்கள்.

என்ன நடந்தது என்று புரிந்தால்தான் அடுத்த வேலை சரியாக வரும். உங்கள் சர்வோ மோட்டாரின் பின்னால் இருப்பது அப்ஸல்யூட் என்கோடர். ஒரு சுற்றுக்குள் எங்கே நிற்கிறது என்பது அதற்கு எப்போதும் தெரியும்; எத்தனையாவது சுற்று என்ற கணக்கைத்தான் ஆம்ப்ளிஃபயரில் உள்ள 6 வோல்ட் பேட்டரி காப்பாற்றுகிறது. ஆல்பா ஐ, பீட்டா ஐ மோட்டார்களின் என்கோடருக்குள் ஒரு கெப்பாசிட்டரும் உண்டு. கேபிளைப் பிடுங்கினாலும் ஏறக்குறைய 10 நிமிடம் கணக்கு நிற்கும். பேரிங் மாற்றும் வேலை அந்த நேரத்தில் முடியாது. கணக்கு போனது, 300 வந்தது.

அலாரம் வந்தது உண்மையில் நல்லது. கேபிளைப் பிடுங்காமல் கப்ளிங்கை மட்டும் தளர்த்தி, மோட்டார் ஷாஃப்ட் கொஞ்சம் திரும்பிவிட்டால் எந்த அலாரமும் வராது. என்கோடருக்குத் தெரிந்தது மோட்டாரின் கோணம் மட்டும்தான். ஸ்க்ரூ எந்தக் கோணத்தில் நிற்கிறது, டேபிள் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில், அதாவது ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்த்தும் ஸ்க்ரூவில், மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் இடையே 36 டிகிரி மாறினால் டேபிள் 1 மி.மீ. தள்ளிப் போகும். திரை மட்டும் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் டிரைவ் என்றால் ஒரு பல் தள்ளிப் போட்டாலே போதும்: ஸ்க்ரூ புல்லியில் 40 பல், பிட்ச் 10 மி.மீ. என்றால் ஒரு பல்லுக்கு 0.25 மி.மீ. ஆகவே கப்ளிங்கையோ பெல்ட்டையோ தொட்ட ஆக்ஸிஸ் எதுவாக இருந்தாலும், அலாரம் வந்தாலும் வராவிட்டாலும், ஹோம் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஜி54 கேள்வி. எக்ஸ் ஆக்ஸிஸுக்கு மட்டும், அவசரத்துக்கு, ஒரு வழி உண்டு. ஒர்க் ஆஃப்செட் பக்கத்தின் முதல் இடத்தில் எக்ஸ்டர்னல் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கும். அதில் தள்ளிப்போன அளவைப் போட்டால் ஜி54 முதல் ஜி59 வரை எல்லாமே சேர்ந்து நகரும். டெலிவரிக்காக ஒரு ஷிஃப்ட் ஓட்டிவிட இது போதும். ஆனால் சாஃப்ட் லிமிட் (ஆக்ஸிஸ் எதுவரை போகலாம் என்று கன்ட்ரோலில் போட்ட எல்லை) அதோடு நகராது. மெஷின் ஜீரோவை வைத்து நகரும் ஜி28, ஜி30, ஜி53 கட்டளைகள் எல்லாம் புது ஜீரோவிலிருந்துதான் கணக்குப் போடும். நான்காவது ஆக்ஸிஸ் இருந்தால் அதன் சென்டர் எண் பொய்யாகிவிடும். ஸ்க்ரூவின் பிழையை இடத்துக்கு இடம் திருத்தும் பிட்ச் எரர் காம்பன்சேஷன் அட்டவணை மெஷின் கோஆர்டினேட்டோடு கட்டப்பட்டது. ஸ்க்ரூ பழையதாகவே இருக்கும்போது அந்த அட்டவணை பழைய ஜீரோவில் இருந்தால்தான் பொருந்தும். இசட் ஆக்ஸிஸுக்கு இந்தக் குறுக்குவழி கிடையவே கிடையாது, ஏனென்றால் டூல் சேஞ்ச் உயரம் ஆஃப்செட்டைப் பார்ப்பதில்லை.

ஹோம் வைப்பதற்கு முன் மெக்கானிக்கல் வேலை உண்மையிலேயே முடிந்ததா என்று பாருங்கள். அவசரப்படும் ஒர்க்‌ஷாப்களில் இந்த இடத்தில்தான் தப்பு நடக்கிறது: காலையில் ஹோம் வைப்பார்கள், மாலையில் கிப்பை (சறுக்குப் பாதையின் தளர்ச்சியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்குவார்கள், மறுநாள் கப்ளிங் போல்ட்டை மறுபடி டைட் வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஹோமைக் கலைக்கும். கப்ளிங்கை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இறுக்கி முடிந்ததும் மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங் ஹப், ஸ்க்ரூ மூன்றின் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்து விடுங்கள். பிற்பாடு ஜாப் தள்ளினால் கவரைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

த்ரஸ்ட் பேரிங் புதிது என்றால் பிளே, அதாவது திசை மாற்றும்போது வரும் தளர்ச்சி, குறைந்திருக்கும். பழைய பேரிங்குக்காக யாராவது 1851-ல் 30, 40 என்று பேக்லேஷ் (அந்தப் பிளேயை ஈடுகட்டும் அளவு) ஏற்றியிருந்தால் அது இப்போது அதிகம். டேபிளில் டயலை வைத்து, ஒரே திசையில் வந்து தொட்டு ஜீரோ செய்து, ஹேண்ட்வீலில் ஒரு திசையில் போய்த் திரும்பி வந்து அளந்து, புது மதிப்பைப் போடுங்கள். ரேபிட்டுக்கு 1852 தனி.

பிறகு ஆக்ஸிஸை அரை மணி நேரமாவது மெதுவான புரோகிராமில் முழு நீளத்துக்கு ஓடவிடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 11.5 மைக்ரான் அளவில் நீளும். அரை மீட்டர் ஸ்க்ரூ 5 டிகிரி சூடானால் 29 மைக்ரான் போல ஆகிறது. குளிர்ந்த மெஷினில் மைக்ரான் பார்த்து ஹோம் வைத்தால், மதியம் ஓடும்போது அந்தத் துல்லியம் இருக்காது. ஓட்டத்துக்குப் பிறகு பேக்லேஷை இன்னொரு முறை பாருங்கள். மாறியிருந்தால் பேரிங் லாக் நட் இன்னும் உட்காரவில்லை. ஹோம் வைக்கும் நேரம் வரவில்லை.

இப்போது எக்ஸ் ஆக்ஸிஸ். நமக்கு ஒரு சாட்சி வேண்டும்: ரிப்பேருக்கு முன்பு மெஷின் கோஆர்டினேட்டில் இடம் தெரிந்த ஒரு பொருள், அதன் பிறகு அசையாமல் இருப்பது. ஃபிக்சரில் உள்ள லொகேட்டிங் போர், அதாவது இடம் குறிக்கும் துளை, அதற்குச் சிறந்தது. ஜி54 எக்ஸ் பழைய மதிப்பு மைனஸ் 412.350 என்று வைத்துக்கொள்வோம். அது அந்த போர் சென்டரின் பழைய மெஷின் கோஆர்டினேட். ஸ்பிண்டிலில் பப்பி டயலை (நெம்பு முனை உள்ள சிறிய டயலை) கட்டி, போரைச் சுற்றி டயல் செய்து சென்டருக்கு வாருங்கள். எக்ஸை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பிளேயும் கணக்கில் புகுந்துவிடும். பொசிஷன் திரையில் அப்ஸல்யூட்டைப் பார்க்காமல் மெஷின் என்ற பகுதியைப் படியுங்கள். மைனஸ் 409.872 என்று வருகிறது என்றால், பழைய ஜீரோ இருக்கும் இடம் இப்போதைய கணக்கில் 412.350-லிருந்து 409.872-ஐக் கழித்து வரும் பிளஸ் 2.478. அதாவது மெஷின் கோஆர்டினேட் பிளஸ் 2.478 காட்டும் இடத்தில் டேபிளை நிறுத்தி, அந்த இடத்தை ஜீரோ என்று கன்ட்ரோலுக்குச் சொன்னால் போதும். போர் மறுபடி மைனஸ் 412.350-க்குப் போய்விடும், ஜி54 தானாகச் சரியாகிவிடும், உங்கள் எல்லா ஜாப் ஆஃப்செட்டும் உயிர்பெறும்.

பிளஸ் 2.478 போவதற்கு சாஃப்ட் லிமிட் தடுக்கும். 1320-ன் பழைய மதிப்பைக் குறித்துவிட்டு, தற்காலிகமாக 5 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பழைய ஜீரோவே அங்கேதான் இருந்தது என்பதால் இரும்புக்கு இடம் இருக்கும். ஆனாலும் ஹேண்ட்வீலை 10-ன் மடங்கில் வைத்து, டெலஸ்கோப் கவரையும் டேபிள் முனையையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகப் போங்கள். அப்ஸல்யூட் என்கோடர் மெஷின்களில் பலவற்றில் லிமிட் ஸ்விட்ச்சே இருக்காது. சாஃப்ட் லிமிட்டைத் தாண்டினால் அடுத்தது ரப்பர் ஸ்டாப்பர்தான்.

பிளஸ் 2.478-ல் நின்றதும், கன்ட்ரோலில் கை வைப்பதற்கு முன் ஒரு மேக்னடிக் ஸ்டாண்டை மெஷின் பெட்டின் மீது, அதாவது டேபிளோடு நகராத இடத்தில் வைத்து, மைக்ரான் டயலை டேபிளின் முனையில் தொடவைத்து ஜீரோ செய்யுங்கள். இந்த ஒரு காரியம் மீதி வேலையைக் காப்பாற்றும். ஏனென்றால் அடுத்த படியில் கன்ட்ரோல் தன் கணக்கை மறந்துவிடும், திரையில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். அந்த இடத்தை நினைவில் வைத்திருப்பது டயல் மட்டும்தான்.

எம்.டி.ஐ. (கட்டளையைக் கையால் டைப் செய்யும்) மோடில் செட்டிங் பக்கம் போய் பாராமீட்டர் ரைட்டை 1 ஆக்குங்கள். 100 என்ற அலாரம் வரும், வரட்டும். 1815-ல் எக்ஸ் வரிசையில் இரண்டு பிட்களைத்தான் பார்க்க வேண்டும். வலப்பக்கம் கடைசி பிட்டை 0 என்று எண்ணிக்கொண்டு வந்தால், 5-வது பிட் ஏ.பி.சி.: அப்ஸல்யூட் என்கோடர் இருக்கிறது என்பதைச் சொல்வது, அது 1 ஆகவே இருக்கட்டும். 4-வது பிட் ஏ.பி.இசட்.: இரும்பும் என்கோடரும் ஒத்துப்போய்விட்டன என்று சொல்வது. அதை 0 ஆக்குங்கள். பவரை ஆஃப் செய்யச் சொல்லி 000 அலாரம் வரும். ஆஃப் செய்து, சற்று விட்டு, ஆன் செய்யுங்கள். 300 அலாரம் வந்து நிற்கும். இந்த அலாரத்தோடும் ஹேண்ட்வீல் வேலை செய்யும், ஆனால் சாஃப்ட் லிமிட் இப்போது வேலை செய்யாது என்பது மனதில் இருக்கட்டும்.

மோட்டாரோ என்கோடரோ புதிது என்றால் இந்த நிலையில் மோட்டாரை ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டிவிட்டு வர வேண்டும். என்கோடர் தன் ஒரு சுற்று சிக்னலைக் கண்ட பிறகுதான் ஏ.பி.இசட். ஏற்கும். அந்த ஓட்டத்தின்போது டயலின் முள் அடிபடாமல் ஆக்ஸிஸை டயலை விட்டு விலகும் திசையில் கொண்டுபோங்கள். பிறகு ஹேண்ட்வீலை ஒன்றின் மடங்குக்கு மாற்றி, போர் பார்த்தபோது வந்த அதே திசையிலிருந்து, டயல் ஜீரோ காட்டும் வரை கொண்டுவாருங்கள். மோட்டார் பழையதாக இருந்து நீங்கள் நகர்த்தாமலே இருந்தாலும் டயலைப் பாருங்கள். சர்வோ ஆஃப் ஆகி ஆன் ஆகும்போது ஆக்ஸிஸ் சில மைக்ரான் அசைவதுண்டு. டயல் ஜீரோவில் நிற்கும் அந்த நிலையில் ஏ.பி.இசட்.டை 1 ஆக்குங்கள். மறுபடி 000, மறுபடி பவர் ஆஃப், ஆன். மெஷின் கோஆர்டினேட் எக்ஸில் இப்போது 1240-ல் இருக்கும் மதிப்பு, அதாவது பெரும்பாலான மெஷின்களில் ஜீரோ, நிற்க வேண்டும்.

சில தயாரிப்பாளர்கள் ஏ.பி.இசட்.டைக் கையால் 1 ஆக்கச் சொல்ல மாட்டார்கள். ரெஃபரன்ஸ் மோடில் ஜாக் பட்டனை அழுத்தி வரச் சொல்வார்கள். அப்படி வந்தால் ஆக்ஸிஸ் நீங்கள் நிறுத்திய இடத்தில் நிற்காது, அடுத்த கிரிட் புள்ளியில் போய் நிற்கும். பிட் தானாக 1 ஆகும். கிரிட் என்பது மோட்டாரின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும் புள்ளி என்பதால், மிச்ச வித்தியாசத்தை 1850-ல் கிரிட் ஷிஃப்ட்டாகப் போட்டு, ரெஃபரன்ஸை மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் மெஷினுக்கு எது என்பது கூடவே வந்த மெயின்டனன்ஸ் புத்தகத்தில் இருக்கும்.

1320-ஐப் பழைய மதிப்புக்குத் திருப்பி வைத்து, போரை இன்னொரு முறை டயல் செய்து பாருங்கள். மைனஸ் 412.350-லிருந்து 5 மைக்ரானுக்குள் வந்தால் எக்ஸ் முடிந்தது.

ஃபிக்சரை ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள் என்றால் வேறு சாட்சி தேட வேண்டும். ஒய் ஆக்ஸிஸுக்கு டேபிளின் நடு டி-ஸ்லாட் நல்ல சாட்சி. அதை ரெஃபரன்ஸாக வைத்துத்தான் பல ஜாப்கள் செட் செய்திருப்பீர்கள். எக்ஸுக்கு, மெஷின் வந்தபோது கொடுத்த டெஸ்ட் சார்ட்டும் லேஅவுட் படமும் உதவும்: ஹோமில் ஸ்பிண்டில் சென்டருக்கும் டேபிள் முனைக்கும் உள்ள தூரம் அதில் இருக்கும். இவை மில்லியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோகும், மைக்ரானுக்குப் போகாது. அப்படிக் கிடைத்த ஹோமில் ஜி54-களைப் புதிதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆக்ஸிஸை ரப்பர் ஸ்டாப்பரில் முட்டவைத்து அளக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. ரப்பர் அமுங்கும் அளவு ஒவ்வொரு முறையும் வேறு.

இசட் ஆக்ஸிஸுக்கு வருமுன் ஒரு எச்சரிக்கை. கப்ளிங்கை மறுபடி திறக்க வேண்டியிருந்தால், ஹெட்டின் கீழே டேபிளில் கனமான மரக்கட்டையோ ஜாக்கியோ வைத்து, ஹெட்டின் எடை முழுவதும் அதில் உட்கார்ந்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள். பிரேக் இருப்பது மோட்டாருக்குள். கப்ளிங் கழன்ற நிமிடமே அந்த பிரேக்குக்கும் ஹெட்டுக்கும் உறவு இல்லை. நூற்றுக்கணக்கான கிலோ எடை பால் ஸ்க்ரூவைச் சுற்றிக்கொண்டு இறங்கும். எமர்ஜென்சி அழுத்தியிருக்கிறது, பவர் ஆஃப் என்பதெல்லாம் இதற்குக் காவல் இல்லை. ஹெட்டுக்குக் கீழே யாருடைய கையும் இருக்கக் கூடாது.

இசட்டுக்குச் சாட்சி டூல் ஆஃப்செட். முன்பு ஆஃப்செட் எடுத்த பிறகு ஹோல்டரிலிருந்து கழற்றாத, இன்ஸர்ட் மாற்றாத ஒரு டூலைத் தேர்ந்தெடுங்கள். ரீமரோ டேப்போ நல்லது. ஃபேஸ் மில் வேண்டாம், இன்ஸர்ட் எப்போது திருப்பினார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. டூலைக் கையால் ஸ்பிண்டிலில் போடுங்கள், டூல் சேஞ்சர் வழியாக அல்ல. அந்த டூலுக்கு முன்பு எந்தப் பரப்பில், எந்த ஸ்லிப் கேஜ் (துல்லியமான தடிமன் உள்ள அளவுக் கட்டை) வைத்து ஆஃப்செட் எடுத்தீர்களோ அதே பரப்பில், அதே கேஜில் தொடுங்கள். கேஜை டூலுக்குக் கீழே வைத்துக்கொண்டு டூலை இறக்காதீர்கள். சற்றுக் கீழே இறக்கி வைத்து, ஒன்றின் மடங்கில் மேலே ஏற்றிக்கொண்டே வந்து, கேஜ் உரசி நுழையும் இடத்தில் நிறுத்துங்கள். டூல் முனையும் பிழைக்கும், ஏறும் திசையில் நின்றதால் பிளேயும் ஒரே பக்கம் இருக்கும்.

பழைய ஆஃப்செட் மைனஸ் 386.240, இப்போதைய மெஷின் கோஆர்டினேட் மைனஸ் 384.905 என்றால் வித்தியாசம் 1.335. பழைய ஹோம் இப்போதைய ஹோமுக்கு 1.335 மி.மீ. மேலே இருக்கிறது. உங்கள் ‘டங்’ சத்தத்துக்கும் இதுவே காரணமாக இருக்கும்: ஹெட் அந்த அளவு தாழ்ந்து நிற்க, டூல் மாற்றும் ஆர்மின் விரல் ஹோல்டரின் வி-குரூவுக்குள் நேராகப் போகாமல் அதன் மேல் உதட்டில் ஏறி அடிக்கிறது. குறைந்தது மூன்று டூல்களிலாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் 10, 20 மைக்ரானுக்குள் ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். ஒன்று மட்டும் தனியாக விலகினால் அந்த டூலை யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு எக்ஸுக்குச் சொன்ன அதே முறைதான்: பிளஸ் 1.335-க்கு ஏற்றி, ஹெட்டைத் தாங்கும் காலம் (column) மீது ஸ்டாண்டை வைத்து ஹெட்டில் டயலைத் தொட்டு ஜீரோ செய்து, ஏ.பி.இசட். 0, பவர், டயலை ஜீரோவுக்குக் கொண்டுவந்து ஏ.பி.இசட். 1, பவர். எடை தொங்கும் ஆக்ஸிஸ் என்பதால் பிரேக் பிடித்து விடும்போது டயல் சற்று நகரும். ஒவ்வொரு முறையும் கீழிருந்து மேலே ஏறும் திசையில் ஜீரோவுக்கு வாருங்கள்.

டூல் சேஞ்ச் உயரம் சில மெஷின்களில் இசட் ஹோமிலேயே இருக்கும். பலவற்றில் 1241-ல், அதாவது இரண்டாம் ரெஃபரன்ஸில் இருக்கும். ஹோமைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்திருந்தால் 1241-ஐத் தொட வேண்டியதில்லை. டங் சத்தம் போகவில்லை என்று அதை மாற்ற ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காற்றும் கதவும் பாதுகாப்பாக இருக்கும்படி செய்துகொண்டு, ஆர்மைக் கையால் சுற்றுங்கள்; பல மெஷின்களில் ஆர்ம் மோட்டாரின் பின்முனையில் ஸ்பேனர் போட்டுச் சுற்றும் வசதி உண்டு, அதன் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஆர்ம் விரல் ஹோல்டரின் குரூவுக்குள் நுழையும் நேரத்தில், ஆர்மின் அடியில் தொடவைத்த டயலைக் கவனியுங்கள். உயரம் சரியாக இருந்தால் முள் ஏறவும் இறங்கவும் செய்யாது. முள் நகர்ந்தால் எத்தனை நகர்கிறதோ அத்தனை ஹெட் உயரம் தப்பு.

உயரம் சரி, ஆனாலும் அடிக்கிறது என்றால் பார்க்க வேண்டியது கோணம். ஹோல்டர் ஸ்பிண்டிலுக்குள் ஏறும்போது அதன் கீவேயும் ஸ்பிண்டில் மூக்கில் உள்ள டிரைவ் கீயும் நேருக்கு நேர் வர வேண்டும். கீயின் ஒரு பக்க விளிம்பு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது ஓரியன்டேஷன் (டூல் மாற்ற ஸ்பிண்டில் நிற்கும் கோணம்) கோளாறு. அதற்கு 4077 என்ற தனிப் பாராமீட்டர். சுற்றுக்கு 4096 எண்ணிக்கை, ஒரு டிகிரிக்கு 11-க்குச் சற்று மேல். ஸ்பிண்டில் பெல்ட்டையோ மோட்டாரையோ தொடாதபோது அது தானாக மாறாது. உங்கள் வேலையில் ஸ்பிண்டிலைத் தொடவில்லை என்பதால் 4077-ல் கை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். இதே ஸ்பிண்டில் கார்ட்ரிட்ஜையே மாற்றியிருந்தால் கதை வேறு: டூல் உட்காரும் இடமே உயர்ந்தோ தாழ்ந்தோ போயிருக்கும், டூல் ஆஃப்செட்டைச் சாட்சியாக நம்ப முடியாது. அப்போது ஆர்ம் குரூவில் பொருந்தும் உயரத்தைச் சாட்சியாக வைத்து ஹோமை நிறுத்தி, டூல்கள் அனைத்தையும் மறுபடி தொட வேண்டும்.

அப்ஸல்யூட் என்கோடர் இல்லாத பழைய மெஷின், தினமும் காலையில் ஹோம் எடுத்துத்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் முறை வேறு. அங்கே ஆக்ஸிஸ் வேகமாக வந்து, டாக் கட்டை ஸ்விட்ச்சை மிதித்ததும் வேகம் குறைந்து, டாக்கை விட்டு இறங்கிய பிறகு வரும் முதல் கிரிட்டில் நிற்கும். பேரிங் வேலைக்குப் பிறகு மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் கோணம் மாறியதால் கிரிட்டும் நகர்ந்திருக்கும். 1850-ல் சரிசெய்யலாம். குறி பிளஸ்ஸா மைனஸா என்று யோசித்துக் குழம்புவதைவிட, 1000 என்று போட்டு, பவர் ஆஃப்-ஆன் செய்து, ஹோம் எடுத்து, டயலில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துவிட்டால் அளவும் திசையும் இரண்டும் தெரிந்துவிடும். பல மெஷின்களில் 1000 என்றால் 1 மி.மீ.; டிடெக்‌ஷன் யூனிட் (கன்ட்ரோல் எண்ணும் மிகச் சிறிய அளவு) வேறாக இருந்தால் அதுவும் இந்தச் சோதனையில் வெளியே வந்துவிடும்.

இந்த வகை மெஷினில் எல்லோரும் மறக்கும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டயக்னோஸ்டிக் 302 என்ற எண்ணில், டாக்கை விட்டு இறங்கிய இடத்திலிருந்து கிரிட் வரை உள்ள தூரம் தெரியும். 10 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவில் இது 5-ஐ ஒட்டி, 4-க்கும் 6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரிப்பேருக்குப் பிறகு இது 0.3 என்றோ 9.6 என்றோ வந்தால், இன்று எல்லாம் சரியாக ஓடும். ஸ்விட்ச்சில் கொஞ்சம் சில்லு சேர்ந்த ஒரு நாள், அது ஒரு மயிரிழை முன்னே பின்னே விடும், ஆக்ஸிஸ் அடுத்த கிரிட்டில் போய் நிற்கும், சரியாக 10.000 மி.மீ. தள்ளி, எந்த அலாரமும் இல்லாமல். அடுத்த டூல் ஜாபுக்குள் பாயும். ஆகவே ஹோமைச் சரிசெய்த பிறகு 302-ஐப் பார்த்து, டாக் கட்டையை நகர்த்தி அதை நடுவுக்குக் கொண்டுவருவது கட்டாயம். டாக்கை நகர்த்துவதால் ஹோம் மாறாது. கிரிட் மாறாத வரை ஆக்ஸிஸ் அதே இடத்தில்தான் நிற்கும். ஹோம் எடுக்கும்போது 90 அலாரம் வந்தால், ஆக்ஸிஸ் டாக்குக்கு மிக அருகில் நின்றோ, போதிய வேகம் இல்லாமலோ தொடங்கியிருக்கிறது. தள்ளிப் போய் மறுபடி வாருங்கள்.

சீமென்ஸ் 828டி, 840டி கன்ட்ரோல்களில் தத்துவம் இதேதான், எண்கள்தான் வேறு. தெரிந்த இடத்தில் ஆக்ஸிஸை நிறுத்தி, அந்த இடத்தின் உண்மையான மதிப்பை 34100-ல் எழுதி, 34210-ஐ 1 ஆக்கி, ரீசெட் கொடுத்து, ரெஃபரன்ஸ் மோடில் அந்த ஆக்ஸிஸின் திசைப் பட்டனை அழுத்தினால் 34210 தானாக 2 ஆகும். ஆக்ஸிஸ் அங்கே நகராது. இதில் ஒரு வசதி: ஜீரோவுக்கே போக வேண்டியதில்லை. போர் சென்டரிலேயே நின்றுகொண்டு 34100-ல் மைனஸ் 412.350 என்று எழுதிவிடலாம்.

வேலை முடிந்த பிறகு எப்படி நம்புவது? பவரை ஆஃப் செய்து ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் ஆக்ஸிஸை ஹோமுக்கு அனுப்பி டயலைப் பாருங்கள். இரவு முழுக்க ஆஃபில் விட்டு, காலையில் ஒரு முறை, மெஷின் சூடான பின் ஒரு முறை. டேபிளில் டயலை வைத்தபடி வேகமான முன்னும் பின்னுமான ஓட்டம் ஒன்றைக் கொடுத்து, திரும்பி வரும் இடத்தையும் பாருங்கள். தள்ளல் எந்த மாதிரி வருகிறது என்பதிலேயே காரணம் இருக்கிறது. காலையும் மாலையும் 20, 30 மைக்ரான் போய் வந்தால் அது சூடு. கனமான கட்டிங்குக்குப் பிறகு ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனால் கப்ளிங் வழுக்குகிறது; பெயின்ட் கோட்டைப் பாருங்கள். சரியாக ஒரு பிட்ச் தாவினால் டாக். திசை மாற்றும்போது மட்டும் வித்தியாசம் வந்தால் பிளே. மெஷினை ஆஃப் செய்து வைத்த பிறகு 300 வந்தால் பேட்டரியோ என்கோடர் கேபிளோ. அதற்கு முன்பே 307, 308 என்று பேட்டரி எச்சரிக்கை வந்ததா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். பேட்டரியைக் கன்ட்ரோல் ஆனில் இருக்கும்போது, எமர்ஜென்சியை அழுத்தி வைத்துக்கொண்டு மாற்றுவது பாதுகாப்பு.

கடைசியாக, பாராமீட்டர் ரைட்டை 0 ஆக்கி, புது பாராமீட்டர்களை மெமரி கார்டில் தேதியோடு எடுத்து வையுங்கள். பழைய பேக்கப் ஃபைலின் மீது ‘ரிப்பேருக்கு முந்தையது’ என்று எழுதிவிடுங்கள். அதை யாராவது பிற்பாடு ஏற்றினால் 1851-ல் பழைய பேக்லேஷும் வரும், 1815-ம் சேர்ந்தே எழுதப்படும். அப்படி ஒரு ஃபைல் ஏற்றிய மெஷினில், போர் ஒன்றையும் டூல் ஒன்றையும் தொட்டுப் பார்த்து மெஷின் கோஆர்டினேட்டைச் சரிபார்க்கும் வரை டூல் சேஞ்ச் பட்டனை யாரும் அழுத்தக் கூடாது.